அரசு வேலையில் சம வாய்ப்பும் இடஒதுக்கீடும்: தமிழ்நாட்டுத் தேர்வர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்குப் படிக்கிறவர்களும், படித்துத் தேர்வாகி வேலைக்குப் போனவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றுசேர்த்திருக்கிறேன். இடஒதுக்கீட்டைப் பற்றி உரக்கப் பேசுகிறவர்களில் பலருக்கு அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதே தெரிவதில்லை. தெரியாததால் ஒருவர் வீணாக மனம் கசக்கிறார், இன்னொருவர் தனக்கு உரியதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார். இந்த இரண்டு நிலையும் மாற வேண்டும் என்பதே என் விருப்பம்.

அரசு வேலையில் சம வாய்ப்பு என்று அரசியலமைப்பில் எங்கே இருக்கிறது?

16-வது பிரிவில். அரசுப் பணியில் எல்லாக் குடிமக்களுக்கும் சம வாய்ப்பு உண்டு என்கிறது அதன் முதல் உட்பிரிவு. மதம், இனம், சாதி, பாலினம், வம்சாவளி, பிறந்த இடம், வசிக்கும் இடம் ஆகியவற்றைக் காரணம் காட்டி மட்டும் யாரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது இரண்டாவது. அரசுப் பணிகளில் போதிய பிரதிநிதித்துவம் இல்லாத பின்தங்கிய வகுப்பினருக்கு இடம் ஒதுக்கலாம் என்பது நான்காவது. நான்காவது உட்பிரிவு முதலாவதற்கு விதிவிலக்கல்ல, சம வாய்ப்பைக் கொண்டுவரும் வழிகளில் அதுவும் ஒன்று என்று இந்திரா சாஹ்னி வழக்கில் 1992-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. "சம வாய்ப்பா, இடஒதுக்கீடா?" என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்திக் கேட்பதில் அர்த்தமில்லை.

69 சதவீதம் எப்படிப் பிரிகிறது?

பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, ஆதிதிராவிடர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. கூட்டினால் 69. மீதி 31 பொதுப் போட்டி. அரைச் சதவீதங்கள் இருப்பதால் 100 இடத்துக்குக் கணக்கு முழுதாக வராது. அதனால்தான் எத்தனையாவது இடம் எந்த வகுப்புக்கு என்று வரிசைப்படுத்தும் இனசுழற்சிப் பட்டியல் 200 இடங்களுக்குப் போடப்பட்டிருக்கிறது. 200-ல் 62 பொதுப் போட்டி, 53 பி.சி., 7 பி.சி. முஸ்லிம், 40 எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர், 30 ஆதிதிராவிடர், 6 அருந்ததியர், 2 பழங்குடியினர்.

அப்படியானால் அந்த 31 சதவீதம் முற்பட்ட சாதியினருக்கானதுதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பொதுப் போட்டி எந்தச் சாதிக்கும் சொந்தமில்லை. அது எல்லோருக்கும் திறந்தது. ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு துறையில் 200 இளநிலை உதவியாளர் இடங்கள். மதிப்பெண் வரிசைப்படி பட்டியல் போட்டாயிற்று. முதலில் நிரப்பப்படுபவை பொதுப் போட்டிக்குரிய 62 இடங்கள். பட்டியலின் தலையில் இருக்கும் 62 பேர், அவர்கள் எந்த வகுப்பாக இருந்தாலும், அந்த இடங்களுக்குப் போவார்கள். அந்த 62 பேரில் 25 பேர் பி.சி., 15 பேர் எம்.பி.சி., 10 பேர் ஆதிதிராவிடர் என்று வைத்துக்கொள்வோம். இவர்களை அவரவர் வகுப்பின் கணக்கில் சேர்க்கக் கூடாது. பி.சி.க்குரிய 53 இடங்களை 63-வது ரேங்கிலிருந்து கீழே வரும் பி.சி. தேர்வர்களைக் கொண்டு தனியாக நிரப்ப வேண்டும். கடைசியில் அந்த 200 பேரில் பி.சி. வகுப்பினர் 78 பேர் இருப்பார்கள். இதில் முறைகேடு ஒன்றும் இல்லை, சட்டம் கேட்பதே இதைத்தான்.

ஆதிதிராவிடர் மாணவி ஒருவர் முதல் 62-க்குள் வந்துவிட்டு, "எனக்கு எஸ்.சி. கோட்டாவில் கிடைத்தது" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சுற்றி இருக்கிறவர்களும் அப்படியே நம்புகிறார்கள். அவர் வாங்கியது பொதுப் போட்டி இடம். அவர் எந்த இடத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை, இன்னொரு ஆதிதிராவிடர் தேர்வருக்கு அவர் இடம் விட்டிருக்கிறார். தேர்வாணையம் வெளியிடும் முடிவில் ஒட்டுமொத்த ரேங்க், வகுப்புவாரி ரேங்க் என்று இரண்டும் இருக்கும். வகுப்புவாரி ரேங்க்கை மட்டும் பார்த்துப் பதறாதீர்கள். உங்களுக்கு மேலே இருக்கும் உங்கள் வகுப்பினரில் எத்தனை பேர் பொதுப் போட்டிக்குள் போகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால்தான் உங்கள் உண்மையான நிலை தெரியும்.

வயது வரம்பில் சலுகை எடுத்துக்கொண்டால் பொதுப் போட்டியில் வர முடியாதா?

அந்தப் பணிக்கான விதியைப் பொறுத்தது. சலுகை பெற்றவர்கள் பொதுப் பட்டியலுக்கு மாறக் கூடாது என்று விதி இருந்தால் அது செல்லும் என்று தீபா என்ற தேர்வர் தொடுத்த வழக்கில் 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விண்ணப்பிக்கும் முன் அறிவிக்கையில் வயது பற்றிய பத்தியை அடிக்குறிப்புகளோடு சேர்த்துப் படியுங்கள். கட்டணச் சலுகையை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பெண்களுக்கான 30 சதவீதம் தனியாக இருக்கிறதா, இந்த 69-க்குள்ளா?

இது வேறு வகை. சாதிவாரி ஒதுக்கீடு மேலிருந்து கீழாகப் பிரிப்பது. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், தமிழ்வழியில் படித்தவர்கள் ஆகியோருக்கான ஒதுக்கீடு ஒவ்வொரு பிரிவையும் குறுக்காக வெட்டிச் செல்வது. கிடைமட்ட ஒதுக்கீடு என்பார்கள். பொதுப் போட்டியிலும் 30 சதவீதம் பெண்கள், பி.சி.யிலும் 30, எம்.பி.சி.யிலும் 30, இப்படி.

இதைக் கணக்கிடும் விதத்தில்தான் நிறைய வழக்குகள் வந்திருக்கின்றன. ராஜேஷ் குமார் தாரியா வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம் வழியைச் சொன்னது. முதலில் அந்தப் பிரிவின் இடங்களை மதிப்பெண் வரிசையில் நிரப்பிப் பாருங்கள். அதிலேயே போதுமான பெண்கள் வந்துவிட்டால் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டியதில்லை. குறைந்தால் மட்டும், குறைகிற எண்ணிக்கைக்குப் பெண்களைச் சேர்த்து, பட்டியலின் அடியில் இருக்கும் ஆண்களை நீக்க வேண்டும். அதாவது 30 என்பது குறைந்தபட்சம். அதற்கு மேல் எத்தனை பெண்கள் வந்தாலும் யாரும் தடுக்க முடியாது.

இன்னொன்று. பொதுப் போட்டியில் உள்ள பெண்களுக்கான இடங்கள் "முற்பட்ட வகுப்புப் பெண்களுக்கு" என்று சில மாநிலங்கள் வைத்துக்கொண்டிருந்தன. பி.சி. பெண்ணுக்கு அதிக மதிப்பெண் இருந்தும் அந்த இடம் மறுக்கப்பட்டது. 2020 டிசம்பரில் சௌரவ் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தவறு என்றது. பொது என்றால் எல்லோருக்கும் பொது. பெண்களுக்கான பொது இடமும் எல்லாப் பெண்களுக்கும் பொது.

ஆதரவற்ற விதவைகளுக்குப் பெண்களின் பங்கில் 10 சதவீதம் கீழ்நிலைப் பணிகளில் உண்டு. கணவர் இறந்திருந்தால் மட்டும் போதாது, கோட்டாட்சியரிடம் அதற்குரிய சான்று வாங்க வேண்டும். தகுதி இருந்தும் இதைக் கேட்காமல் விடுகிற பெண்கள் ஏராளம். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் படித்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

நாடு முழுக்க 50 சதவீத வரம்பு இருக்கும்போது இங்கே மட்டும் 69 எப்படி?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்த பிறகு 1921-ல் வகுப்புவாரி அரசாணை போடப்பட்டது. அது நடைமுறைக்கு வர 1920-களின் பிற்பகுதி ஆகிவிட்டது. 12 பணியிடங்களை ஒரு சுற்றாக வைத்து 5 பிராமணரல்லாத இந்துக்கள், 2 பிராமணர், 2 முஸ்லிம்கள், 2 ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர், 1 தாழ்த்தப்பட்டோர் என்று பிரித்தார்கள். இன்றைய இனசுழற்சியின் வேர் இதுதான்.

1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் கொடுத்தது. ஒன்று கல்லூரி இடம் பற்றிய செண்பகம் துரைராஜன் வழக்கு. அதை எல்லோரும் சொல்வார்கள். மற்றொன்று மாவட்ட முன்சீப் பணிக்கு விண்ணப்பித்த வெங்கடரமணா தொடுத்த வழக்கு. வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை முக்கியமானது இதுவே. ஹரிஜனங்களுக்கும் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கும் ஒதுக்கியது செல்லும், மற்ற வகுப்புகளுக்கெல்லாம் பங்கு பிரித்தது செல்லாது என்றது நீதிமன்றம். பெரியாரும் திராவிடர் கழகமும் நடத்திய போராட்டத்தின் சூட்டில் பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் தரும் அரசியலமைப்பின் முதல் திருத்தம் அதே ஆண்டு ஜூனில் வந்தது.

அதன் பிறகு பிற்படுத்தப்பட்டோருக்கு 25 சதவீதம் என்றிருந்தது, சட்டநாதன் ஆணையத்தின் அறிக்கைக்குப் பின் 1971-ல் 31 ஆயிற்று. 1979-ல் எம்.ஜி.ஆர். அரசு ஆண்டுக்கு 9,000 ரூபாய் வருமான வரம்பு கொண்டுவந்தது. 1980 மக்களவைத் தேர்தலில் தோற்றதும் அதைத் திரும்பப் பெற்று, ஒதுக்கீட்டை 50 ஆக்கியது. கிரீமி லேயர், அதாவது வசதி உள்ளவர்களை ஒதுக்கீட்டிலிருந்து விலக்குவது என்ற பேச்சை இங்கே எந்தக் கட்சியும் எடுக்காததற்குக் காரணம் இந்த அனுபவம் என்றே நான் நினைக்கிறேன். 1987-ல் வன்னியர் சங்கம் நடத்திய சாலை மறியலில் உயிர்கள் போயின. 1989-ல் கருணாநிதி அரசு 50-லிருந்து 20-ஐப் பிரித்து எம்.பி.சி. மற்றும் சீர்மரபினருக்குத் தந்தது. 18 சதவீதமாக இருந்த ஆதிதிராவிடர், பழங்குடியினர் பங்கில் பழங்குடியினருக்கு 1990-ல் தனியாக 1 சேர்ந்தது. மொத்தம் 69.

இந்திரா சாஹ்னி தீர்ப்பு 50-க்கு மேல் கூடாது என்றதும், ஜெயலலிதா அரசு 1993-ன் கடைசி நாளில் சட்டமன்றத்தில் தனிச் சட்டம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் வந்து, 1994-ல் 76-வது திருத்தத்தின் மூலம் அது, சட்டங்களுக்கு நீதிமன்ற வழக்கிலிருந்து பாதுகாப்புத் தரும் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் ஏறியது. இரண்டு கழகங்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றையொன்று கைவிடவில்லை என்பது நம் அரசியலில் அபூர்வமான சங்கதி.

அருந்ததியருக்குத் தனியாக 3 சதவீதம் ஏன்?

பட்டியல் வகுப்பினர் எல்லோருக்கும் சேர்த்து 18 சதவீதம் என்று மொத்தமாக வைத்திருந்த காலத்தில், மலம் அள்ளும் வேலையிலும் துப்புரவு வேலையிலும் தலைமுறை தலைமுறையாகத் தள்ளப்பட்டவர்களுக்கு அந்தப் பங்கிலிருந்து மிகக் குறைவாகவே வந்து சேர்ந்தது. 2009-ல் உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு, ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், பட்டியல் வகுப்பினருக்குள் உட்பிரிவு செய்வது செல்லும் என்றது. "ஒற்றுமையைக் குலைக்கும்" என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. பந்தியில் கடைசியில் உட்கார வைக்கப்பட்டவருக்கு இலையில் சோறு வருகிறதா என்று பார்ப்பது ஒற்றுமைக்கு எதிரானது ஆகாது.

நான் இங்கே எம்.பி.சி. வகுப்பு. மத்திய அரசின் எஸ்.எஸ்.சி., ரயில்வே, வங்கித் தேர்வுகளிலும் அதே சான்றிதழ் போதுமா?

போதாது. மத்திய அரசில் பி.சி., எம்.பி.சி. என்ற பிரிவே இல்லை, ஓ.பி.சி. மட்டும்தான். ஒதுக்கீடு 27. முதலில் உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்க வேண்டும். அடுத்து கிரீமி லேயரில் வராதவர் என்ற சான்று வேண்டும். வருமான வரம்பு 2017 முதல் ஆண்டுக்கு 8 லட்சம். ஆனால் இந்த வருமானச் சோதனையில் பெற்றோரின் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்கக் கூடாது. இது தெரியாமல் "எங்கப்பா சம்பளம் 8 லட்சத்தைத் தாண்டுது" என்று ஓ.பி.சி.யை விட்டுவிட்டுப் பொதுவில் விண்ணப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பெற்றோரின் பதவியை வைத்துத் தனிச் சோதனை இருக்கிறது, அதைப் பாருங்கள்.

பொருளாதாரத்தில் நலிந்த முற்பட்டோருக்கான 10 சதவீதம் மத்தியப் பணிகளில் உண்டு. தமிழ்நாடு அரசுப் பணிகளில் இல்லை.

சான்றிதழ் சரிபார்ப்பில் எதில் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்?

திருமணமான பெண்களின் சாதிச் சான்றிதழில். கணவர் பெயரில் வாங்கிய சான்றிதழைத் தேர்வாணையம் ஏற்காது. தந்தை பெயரில் இருக்க வேண்டும், ஏனென்றால் சாதி பிறப்பால் கணக்கிடப்படுகிறது. வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர் மறுபடி பிறந்த ஊர் தாலுகாவுக்கு அலைய நேரும். முன்கூட்டியே இ-சேவையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

யார் கையெழுத்து போட்டது என்பதையும் பாருங்கள். ஆதிதிராவிடருக்கு வட்டாட்சியர், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர். பழங்குடியினர் சான்றிதழ் கிடைக்காமல் பிள்ளைகள் படும் பாடு தனிக் கதை. பல்லாண்டுகளாக மனு கொடுத்துக் காத்திருக்கும் இருளர், காட்டுநாயக்கர் குடும்பங்கள் உண்டு. ஒரு சதவீத இடத்தைப் பேப்பரில் வைத்துவிட்டு, அதைக் கேட்க வேண்டிய கையில் காகிதம் கொடுக்காவிட்டால் அது இருந்தென்ன?

தமிழ்வழி ஒதுக்கீட்டுக்குப் பட்டப்படிப்பு தமிழில் படித்திருந்தால் போதுமா?

2010 சட்டம் 20 சதவீதம் கொடுத்தது. கல்லூரியை மட்டும் தமிழில் முடித்துவிட்டு வருகிறவர்கள் அதைப் பெற்றதால், 2020-ல் திருத்தினார்கள். இப்போது பள்ளியிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியரிடம் உரிய படிவத்தில் சான்று வாங்க வேண்டும். அப்புறம், 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு எல்லோருக்கும் தமிழ்த் தகுதித்தாள் கட்டாயம். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்றதைத் திருத்தவே மாட்டார்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கு என்னென்ன உண்டு?

2016 சட்டப்படி 4 சதவீதம். பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, உடல் இயக்கக் குறைபாடு ஆகியவற்றுக்குத் தலா 1, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து 1. குறைந்தது 40 சதவீதக் குறைபாடு இருக்க வேண்டும். தேர்வில் சொல்வதை எழுதுபவர் வைத்துக்கொள்ளலாம், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் உண்டு.

வேலையில் சேர்ந்த பிறகு விபத்திலோ நோயிலோ உறுப்பை இழந்தால் பணியிலிருந்து நீக்கவோ பதவியைக் குறைக்கவோ முடியாது. அந்த வேலையைச் செய்ய இயலாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். இடம் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஆணையை வாங்கிக்கொண்டு போகிறவருக்குக் காத்திருப்பது சாய்தளம் இல்லாத பழைய கட்டடம், முதல் மாடியில் அவருடைய மேசை. கீழ்த்தளத்தில் உட்கார வைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அது சலுகை அல்ல, சட்டம் சொல்லும் நியாயமான வசதி.

திருநர் எந்தப் பிரிவில் விண்ணப்பிப்பது?

2015 அரசாணைப்படி அவர்கள் எம்.பி.சி. பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆதிதிராவிடராகப் பிறந்த திருநங்கை, சாதியா பாலினமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை வருகிறது. பெண்களுக்கு இருப்பதுபோல் எல்லாப் பிரிவுகளிலும் குறுக்காக ஒதுக்க வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை. கர்நாடகம் 2021-ல் அப்படி 1 சதவீதம் கொடுத்தது. நாமும் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் ஆண், பெண் என்ற இரண்டே கட்டங்கள் இருந்த காலத்தில் நீதிமன்றம் போய்ப் போராடி, 2017-ல் பிரித்திகா யாஷினி தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளரானார். அந்த வழியை எல்லோரும் வழக்குப் போட்டுத்தான் கடக்க வேண்டும் என்றிருக்கக் கூடாது.

இடஒதுக்கீட்டால் தகுதி குறையாதா?

குரூப்-4 இடத்துக்கு வருகிற எல்லோரும் ஒரே கேள்வித்தாளை எழுதி, குறைந்தபட்ச மதிப்பெண்ணைத் தாண்டியவர்கள். அரசு வேலை என்பது வினாத்தாளோடு முடிவதில்லை. 1992-ல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கியபோது, ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருந்த நிலையத்தில் வாய் திறக்காத பெண்கள் புகார் கொடுக்க வந்தார்கள். பட்டா மாறுதலுக்கு வந்த சேரிக்காரரைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திப் பேசிய கணக்குப்பிள்ளை முறை, கிராம நிர்வாக அலுவலர்களைத் தேர்வு வைத்து எடுக்க ஆரம்பித்த பிறகுதான் உடைந்தது. யார் நாற்காலியில் இருக்கிறார் என்பது சேவையின் தரத்தையே மாற்றுகிறது. அதையும் தகுதியில் சேர்த்தே எண்ண வேண்டும்.

பதவி உயர்விலும் இடஒதுக்கீடு உண்டா?

தமிழ்நாடு அரசுப் பணிகளில் பொதுவாக இல்லை. பணிமூப்பும் இனசுழற்சி வரிசையில் போகாது, தேர்வில் எடுத்த ரேங்க்படிதான் போகும். சுழற்சி வரிசையில் பணிமூப்பு தர நினைத்த மாநிலச் சட்டப் பிரிவு நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

வேலையில் சேர்ந்த பெண்களுக்கு என்ன பாதுகாப்பு?

மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதம், முழுச் சம்பளத்தோடு. பாலியல் தொல்லை என்றால் 2013 சட்டம். 10 பேரோ அதற்கு மேலோ இருக்கும் அலுவலகத்தில் உள்ளகப் புகார் குழு இருந்தே ஆக வேண்டும். தலைவர் மூத்த பெண் அலுவலர், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். புகார் அலுவலகத் தலைவர் மீதே என்றால் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகலாம். சேர்ந்த முதல் வாரத்திலேயே குழு உறுப்பினர்களின் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள்.

அவுட்சோர்சிங்கில் எடுக்கும் வேலைகளுக்கு இதெல்லாம் பொருந்துமா?

பெரும்பாலும் இல்லை, என்னை மிகவும் உறுத்துவது அதுதான். துப்புரவு, காவல், கணினி இயக்குபவர் என்று ஒவ்வொன்றாக ஏஜென்சிக்குப் போகிறது. அங்கே சுழற்சியும் இல்லை, 30 சதவீதமும் இல்லை, மகப்பேறு விடுப்பு கேட்டால் அடுத்த மாதம் வேலையே இல்லை. 69 சதவீதத்தைச் சட்டத்தில் காத்துவிட்டோம். அது பொருந்தும் இடங்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போனால் சட்டம் யாரைக் காக்கும்? சங்கங்களும் தேர்வர்களும் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்வி இது.

எனக்கு அநீதி நடந்ததாகத் தோன்றினால் எங்கே போவது?

முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு. பொத்தாம் பொதுவாக எழுதாதீர்கள். "இந்த அறிவிக்கையில் எம்.பி.சி. பொது, எம்.பி.சி. பெண்கள் ஆகிய இடங்களில் கடைசியாகத் தேர்வானவரின் மதிப்பெண், ரேங்க், பொதுப் போட்டியில் கடைசியாகத் தேர்வானவரின் ரேங்க்" என்று குறிப்பாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. கணக்கில் தவறு தெரிந்தால் சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ரிட் மனு போடலாம். நியமனங்கள் முடிந்து காலம் கடந்துவிட்டால் நிவாரணம் கிடைப்பது கடினம், அதனால் முடிவு வந்த உடனே ஓடுங்கள். பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர் தேசிய ஆணையங்களுக்கும், 2021-ல் சட்டம் இயற்றி அமைக்கப்பட்ட மாநில ஆணையத்துக்கும் எழுதலாம். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள். பெண்களுக்கும், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள்.